முப்பத்தோரு கிராம்

குர்டினின் தராசைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியாது. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரித் தராசு. எங்கள் அணியின் லாரியில், நான் ஸ்பேனர்கள் அடுக்கும் பலகையில் அதற்கென்று ஓர் இடம். மலைச் சைக்கிள் பந்தயத்தில் உலகத் தரவரிசையில் நான்காவது ஆள் குர்டின். தினமும் காலையில் ஏதாவது ஒரு போல்ட்டைக் கழற்றி அதில் வைத்துப் பார்ப்பான். இரண்டு கிராம் கூடிவிட்டால், அவன் வீட்டில் புகுந்து நான் திருடிவிட்டது போல முறைப்பான். இதே ஆள் முந்தின நாள் மாலை பாலாடைக்கட்டி வழிய வழிய மூன்று தட்டு காப்புன்ஸ், அதான் எங்கள் ஊர்க் கீரைச் சுருள், உள்ளே தள்ளியிருப்பான். அந்த எடைக்கு மட்டும் தராசு கிடையாது.

நான் டூரி, மெக்கானிக். பதினெட்டு வருடமாக இந்த அணியில் இருக்கிறேன். எத்தனையோ குர்டின்களைப் பார்த்துவிட்டேன். எல்லாரும் ஒரே அச்சுதான். ஜெயித்தால் காரணம் அவன் கால், தோற்றால் மெக்கானிக்.

மேனேஜர் வெர்னர் அவனுக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை. சூரிச்சில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். சேறு படாத வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு எங்கள் மலைக்கு வந்து எங்களுக்கே மலையைப் பற்றி வகுப்பெடுப்பார். பந்தயம் நடக்கும்போது வீரர்களோடு ரேடியோவில் பேசக் கூடாது என்பது விதி. இருந்தும் காதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு ரொம்பக் கவனமாகத் தலையாட்டுவார். அதில் அவர் கேட்பது பாட்டு என்பது லாரியில் எல்லாருக்கும் தெரியும்.

அணியில் உருப்படியான ஒரே ஆள் ரியெட். இருபத்தாறு வயது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன். அவன் அப்பா மாடு வைத்திருக்கிறார். பந்தயம் முடிந்து மூச்சு வாங்கும்போதுகூட, என்னிடம் வண்டியைக் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான். வந்த முதல் நாளிலிருந்தே 'டூரிண்ணே, நீ' என்றுதான் பேச்சு. சைக்கிள்காரர்களுக்குள் எல்லாருக்கும் எல்லாரும் நீதான். உலகச் சாம்பியனும் நீ, டயர் கழுவுகிறவனும் நீ. 'நீங்க' என்பதை நாங்கள் வரி அதிகாரிக்கும் போலீசுக்கும் வைத்திருக்கிறோம்.

ஜூலை கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கமே உலகக் கோப்பைச் சுற்று ஒன்று வந்தது. செப்டம்பரில் உலகச் சாம்பியன் போட்டி. அதற்குப் போகும் சுவிஸ் அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ரியெட் இந்தச் சுற்றில் முதல் எட்டுக்குள் வந்தால் அந்த இடம் அவனுக்கு, இல்லையென்றால் வேறொருவனுக்கு. சுவிஸில் இதுதான் சாபக்கேடு. வேறு நாட்டில் பிறந்திருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். இங்கே அவனைப் போலப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். குர்டினுக்கோ அணியில் இடம் வசந்தத்திலேயே உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் லாரியில் நானும் குர்டினும் மட்டும் இருந்தோம். பின்சக்கரத்து பிரேக் டிஸ்க்கைச் சின்னதாக மாற்றச் சொன்னான். நூற்று அறுபது மில்லிமீட்டருக்குப் பதிலாக நூற்று நாற்பது. இந்தப் பந்தயப் பாதையின் இறக்கத்துக்குச் சின்ன டிஸ்க் போதாது, சூடாகிவிடும் என்றேன். அவன் இரண்டையும் தராசில் வைத்துக் காட்டினான். டிஸ்க்கும் அதைத் தாங்கும் துண்டும் சேர்த்து முப்பத்தோரு கிராம் குறைவு. முகத்தில் பிள்ளை பெற்றவன் மாதிரி ஒரு பூரிப்பு.

"ரியெட் காதுக்குப் போகக் கூடாது," என்றான். "போச்சுன்னா அவனும் மாத்திப்பான்."

"ஒரே டீம்தானடா?"

"அதனாலதான் சொல்றேன். நீ வாயத் தொறக்காம இருந்தீன்னா செப்டம்பர்ல என் மெக்கானிக்கா உன்னத்தான் கேப்பேன். பதினெட்டு வருஷமா போனதில்லல்ல நீ?"

போனதில்லை. தேசிய அணிக்கு மெக்கானிக் யார் என்பதைப் பெரிய வீரர்கள்தான் சொல்வார்கள். என்னை இதுவரை எவனும் சொன்னதில்லை. நான் டிஸ்க்கை மாட்டினேன். உதிரிச் சக்கரங்களிலும் சின்னதை மாட்டி உறை போட்டு மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. பாதையை ஏழு முறை சுற்ற வேண்டும். மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு வேலியோரம் ஊரே நின்றது. நான் உதவிக்கூடத்தில் சக்கரங்களோடு நின்றேன். வீரர்களுக்கு வெளியாள் கைகொடுக்கக்கூடிய இடம் பாதையில் இரண்டே இரண்டுதான், அதில் ஒன்று அது. அதைத் தாண்டிப் போனவன் திரும்பி வரக் கூடாது. வழியில் வண்டி கெட்டால், அதே அணிக்காரன் மட்டும் நின்று உதவலாம்.

நான்காம் சுற்றில் குர்டின் மூன்றாவதாக என்னைத் தாண்டினான். பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனான். அவன் பின்னாலேயே ரியெட், ஆறாவது. அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. தோள் அசையவில்லை, வாய் மூடியிருந்தது. என் கையிலிருந்து பாட்டிலை வாங்கும்போது கண்ணடித்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கூடத்தைத் தாண்டி எண்பது அடி போனால் பாறைப் படிகள். அங்கே குர்டினின் பின்டயர் கல்லில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. டயரின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அடைக்க முடியாது. அடுத்த உதவிக்கூடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அவன் இறங்கி நின்று, அந்தப் பாறையை யாரோ வேண்டுமென்றே அங்கே வைத்தது போலத் திட்டினான்.

பின்னால் ரியெட் வந்தான். வேலியோரம் நின்றிருந்த வெர்னருக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது.

"ரியெட், நில்லு. பின்சக்கரத்தக் கழட்டி அவனுக்குக் குடு."

ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. அணித் தலைவன் விழுந்தால் பின்னால் வருகிறவன் நிற்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது எவனும் அந்த வரியைப் படிப்பதில்லை. ரியெட் பிரேக்கைப் பிடித்தான், ஆனால் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். நான்தான் மெக்கானிக். எண்பது அடி தூரத்திலிருந்து அவன் கண் கேட்டது எனக்குப் புரிந்தது.

பொருந்தாது, போடா என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். பெரிய டிஸ்க் உள்ள ரியெட்டின் சக்கரம் குர்டின் வண்டியின் பிரேக்குக்குள் நுழையவே நுழையாது. அந்த ஊரில் அந்த நேரத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தன் தராசுப் பெருமையையே மறந்துவிட்டு, சக்கரத்தைக் கொடு என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் நான். வாய் திறந்தால் செப்டம்பர் போய்விடும்.

நான் குனிந்து காற்றடிக்கும் பம்பின் முள்ளைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது ரியெட் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தான். குர்டின் அதை உள்ளே திணித்தான், இழுத்தான், மறுபடி திணித்தான். டிஸ்க் பிரேக்கில் இடித்து நின்றது. அவன் காலால் உதைத்துப் பார்த்தான். இரும்பை உதைத்தால் வழிவிடும் என்று நினைத்தவனுக்கு உலகத்தில் நான்காம் இடம். ஒவ்வொருவராக ஆட்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் ரியெட் சக்கரத்தைத் திரும்ப வாங்கித் தன் வண்டியில் மாட்டினான். மாட்டும்போது, குர்டின் கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தில் சின்ன டிஸ்க் இருப்பதைப் பார்த்தான். ஒரு நொடிதான். ஏறிப் போய்விட்டான்.

இருபத்தேழாவது ஆளாகப் போனவன் பத்தாவதாக முடித்தான். எட்டாவது ஆள் அவனுக்குப் பதினோரு நொடி முன்னால்.

குர்டின் வண்டியைப் புல்லில் எறிந்துவிட்டு நடந்து வந்தான். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். ரியெட்டின் நல்ல மனசுக்கு நன்றி சொன்னான். பாவம், அவன் வண்டியை அணியின் முறைப்படி அமைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் சக்கரம் பொருந்தவில்லை என்றும் சொன்னான். ஒரு துளி வெட்கம் கிடையாது. பக்கத்தில் நின்ற வெர்னர் அணி உணர்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். காதில் அந்தக் கருவி அப்போதும் இருந்தது. இந்த இரண்டு பேரைவிட நான் எவ்வளவோ மேல் என்றுதான் லாரிக்கு நடந்து வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாரிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு காத்திருந்தேன். பந்தயம் முடிந்த வண்டியை மெக்கானிக்தான் கழுவ வேண்டும். வீரன் அதைத் தொடுவதே இல்லை. ரியெட் முகமெல்லாம் உப்புப் பூத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. உறை போட்டு வைத்திருந்த உதிரிச் சக்கரத்திடம் போனான். ஜிப்பை இழுத்து உள்ளே பார்த்துவிட்டு மூடினான்.

"எப்ப மாட்டுனது?"

"வெள்ளிக்கிழமை," என்றேன். குர்டின்தான் சொல்ல வேண்டாம் என்றான் என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குர்டினை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படித்தான் என்னைப் பார்த்தான்.

வண்டியைக் கழுவும் தாங்கியில் அவனே தூக்கி மாட்டினான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான்.

"நீங்க விடுங்க," என்றான். "நான் கழுவிக்கிறேன்."

தண்ணீர்க் குழாயை அவன் கையில் கொடுத்தேன்.