வலது லென்ஸ், இடது லென்ஸ்

கண்ணாடிக் கடைக்காரருக்குச் சபையில் ‘ஆமென் அண்ணன்’ என்று பெயர். பாஸ்டர் ஜெபத்தை முடிக்கிறாரோ இல்லையோ, இவருடைய ஆமென் கூரையில் போய் முட்டி நிற்கும். அவருக்கு இருந்த ஒரே ஆசை, ஆராதனையில் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்பது. ஆனால் இருபது வருஷமாக அந்த இடம் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவுடையது. அவர் வாசித்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

அந்த டீச்சரம்மா அவரிடம் புதுக் கண்ணாடி வாங்கினார். நாலாம் நாளே திரும்பி வந்துவிட்டார்.

“படியெல்லாம் ஆடுதுப்பா. எழுத்து ஒண்ணு ரெண்டா தெரியுது. தலை வேற விண்ணு விண்ணுனு தெறிக்குது.”

“புதுசுன்னா அப்படித்தான் டீச்சரம்மா. பத்து நாள்ல பழகிடும்” என்றார் அவர், கழற்றிக் கொடுங்கள் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லாமல். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பேச்சு அது.

பத்து நாள் போயிற்று, பழகவில்லை. சனிக்கிழமை பாஸ்டர் கடைக்கே வந்தார்.

“டீச்சரம்மா தனக்குக் கண்ணு போச்சு, இனிமே வாசிக்க மாட்டேன்னுட்டாங்க. அழுதுட்டாங்க, பாவம். நாளையிலேர்ந்து நீங்க வாசிங்கண்ணே.”

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாஸ்டர் தலை மறைந்ததும் பைபிளை விரித்து, குரலை ஏற்றி இறக்கிப் பழகத் தொடங்கினார். உள்ளேயிருந்து மனைவி, டீச்சரம்மாவுக்குக் கண் டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தார்.

“ஏங்க, நேத்து ஜெபக்கூட்டத்துல டீச்சரம்மா கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சாங்க. தடிச்ச லென்ஸ் இடது பக்கம் இருந்துச்சு. இந்தச் சீட்டுல வலது கண்ணுக்குத்தான் பவர் அதிகம்னு போட்டிருக்கு.”

வட்ட ஃபிரேம். எந்த லென்ஸும் எந்தப் பக்கமும் பொருந்தும். மாட்டியது அவர் கைதான். பைபிளை மூடினார்.

“திங்கக்கிழமை, தொடைச்சுத் தரேன்னு வாங்கி மாத்திடுறேன். அவங்களுக்குத் தெரியவே வேணாம்.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு மட்டும் நான் வாசிச்சுடுறேனே. ஒரே ஒரு நாள்தானே?”

“நல்லாயிருக்கு! அவங்களை உக்கார வெச்சுட்டு நீங்க மேல நின்னு வேதம் வாசிப்பீங்க. நான் கீழ உக்காந்து ஆமென் சொல்லணுமாக்கும்.”

மனைவி சீட்டைப் பைபிள்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறன்று சலவைச் சட்டை மடிப்புக் கலையாமல் மேடையேறி நின்றார். இரண்டாவது வரிசையில் டீச்சரம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார். இவர் தடுமாறாமல் வாசிக்கவேண்டுமே என்று, தைரியம் சொல்வதுபோல இவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் சுட்டது. பைபிளை மூடிவிட்டுக் கீழே இறங்கினார்.

“டீச்சரம்மா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் லென்ஸை இடம் மாத்திப் போட்டுட்டேன். நேத்தே தெரியும். தெரிஞ்சும் வாசிக்கணும்னு வந்து நின்னேன்.”

அவரிடமிருந்து கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சின்னத் திருப்புளியை எடுத்து, பெஞ்சிலேயே உட்கார்ந்து ஃபிரேமின் திருகைத் தளர்த்தினார். அவசரத்தில் ஒரு திருகு உருண்டு ஓடியது. பாஸ்டரே அங்கியைத் தூக்கிக்கொண்டு குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டு, சுவரில் இருந்த வசனத்தைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார், அப்புறம் இவரைப் பார்த்தார்.

“அடப்பாவி! கண்ணைக் குடு, கண்ணைக் குடுன்னு ரெண்டு வாரமா ஆண்டவரைப் போட்டு அரிச்செடுத்தேனே! அவர் என்ன நினைச்சிருப்பாரு என்னைப் பத்தி?”

சபையே சிரித்தது. “தள்ளுப்பா, வழி விடு” என்று எழுந்தவர், எதையும் பிடிக்காமல் படியேறிப் போய் வாசித்தார். அவர் விட்டுப்போன இடத்திலேயே கடைக்காரர் உட்கார்ந்து கேட்டார். நெஞ்சிலிருந்து யாரோ பாரத்தை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

திங்கட்கிழமை கடை திறக்குமுன்பே சபையார் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். “எனக்கும் மாத்திப் போட்டிருக்கீங்களா பாருங்கண்ணே!” கிண்டல் பாதி, பயம் பாதி. ஒவ்வொன்றையும் கழற்றச் சொல்லி வாங்கி, சீட்டோடு ஒத்துப் பார்த்து, துடைத்துக் கொடுத்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை வரவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வருஷம் அவரை அடக்கம் செய்த நாளிலும் டீச்சரம்மாதான் வாசித்தார். முன்வரிசையில் இருந்த மனைவி முழுவதையும் கேட்டார். டீச்சரம்மா ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை.