தண்ணீர் வேண்டாம் என்றவள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலுக்குப் போர்வை இருக்கிறதா? சரி. ஒரு கதை சொல்கிறேன். கனமான கதைதான். நடுவில் யாருக்காவது எழுந்து போக வேண்டியிருந்தால் கூசாமல் போய் வாருங்கள், நான் நிறுத்தி வைக்கிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

அமெரிக்காவில், ஐசலின் என்கிற ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு வீடியோ கடைக்கும் நடுவே நெரிபட்டுக்கொண்டு ஒரு டிபன் கடை இருந்தது. தனபாக்கியம் சமைப்பாள். அவள் புருஷன் வேலுமணி கல்லாவில் நிற்பான். பெருந்துறையிலிருந்து வந்தவர்கள். கடை திறந்த புதிதில் நாலு மேசை, நாற்காலி போட்டிருந்தார்கள். ஊராட்சி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். உட்கார்ந்து சாப்பிட இடம் கொடுத்தால் வாடிக்கையாளருக்குக் கழிப்பறை வேண்டும், அதற்குச் சமையலறை வழியாக ஆள் போகக் கூடாது என்றார். அவர்களுக்கு இருந்த ஒரே கழிப்பறை அடுப்புக்குப் பின்னால். வேலுமணி மேசைகளை மடித்து வைத்துவிட்டான். இனிமேல் பார்சல் மட்டும். காத்திருப்பவர்களுக்காக ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குச் சட்டத்தில் கழிப்பறை கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள்தான் வசந்தாமணி. கவுந்தப்பாடிக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை, உடம்பில் சர்க்கரை. ஒரே மகன் திருமூர்த்தி கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அம்மாவை ஆறு மாத விசாவில், பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்த தன் அப்பார்ட்மென்டுக்குக் கூட்டி வந்திருந்தான். அந்த வருஷம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று சனிக்கிழமையும் ஆபீஸ் வைத்தார்கள். வாரம் முழுக்க அப்பார்ட்மென்டில் தனியாகக் கிடக்கிற அம்மாவைச் சனிக்கிழமையும் பூட்டிவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

"ஆன்ட்டி, அம்மா இங்க கொஞ்சம் உக்காந்திருக்கட்டுமா? ஈவ்னிங் வந்து பிக்கப் பண்ணிக்கறேன். நாலு பேரு தமிழ் பேசறதையாவது கேக்கட்டும்."

"அதுக்கென்ன கண்ணு, தாராளமா இருக்கட்டும்" என்றாள் தனபாக்கியம்.

முதல் நாள் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். வசந்தாமணி அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதியைக் குடித்தாள்.

"மோருன்னா இதுதான் அம்மிணி மோரு. எம்மவன் வூட்டுல டப்பாத் தயிரு, ஒரே சப்பு. நீங்க எந்தூருங்க?"

"பெருந்துறைங்கக்கா."

"அட, நம்ம பக்கம்! பெருந்துறைல எங்கீங்க?"

தனபாக்கியம் ஒரு கணம் நின்றாள். "மேக்கால, காலனிங்க."

"அப்படீங்களா" என்றாள் வசந்தாமணி. அதற்குள் தோசைக்கு ஆள் கூப்பிட, தனபாக்கியம் உள்ளே போய்விட்டாள். மீதி மோரையும் வசந்தாமணி குடித்து முடித்ததை அவள் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது டம்ளரை வேலுமணி மற்ற பாத்திரங்களோடு தொட்டியில் போட்டிருந்தான்.

சர்க்கரை உடம்பு, மோர் தன் வேலையைக் காட்டியது. வசந்தாமணி கல்லாவுக்குப் போய்த் தணிந்த குரலில் கேட்டாள். "தம்பி, பாத்ரூம் எங்கீங்க?"

"கஸ்டமருக்கு இல்லீங்கம்மா. சமையக்கட்டு வழியா ஆளை உட்டா லைசென்ஸு போயிரும். சட்டமுங்க. அந்த முக்குல கேஸ் ஸ்டேஷன் இருக்குது, கேட்டுப் பாருங்க."

போனாள். அந்தப் பெட்ரோல் பங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் ஏதோ கேட்டான். அவளுக்கு இங்கிலீஷ் வராது. கையால் எப்படிக் காட்டுவாள்? அவன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டான். பிறகு தாங்க முடியாமல், கடைகளின் பின்பக்கம் பெரிய குப்பைப் பெட்டியின் மறைவுக்குப் போனாள். பின்னோக்கி வந்த ஒரு கார் அவளைப் பார்த்து ஹாரன் அடித்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள்.

சேலை ஓரம் நனைய வந்து, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தவள், மாலை வரை அசையவில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான் திருமூர்த்தி.

"ரொம்ப நல்லா இருந்துச்சு சாமி. அடுத்த சனிக்கிழமையும் கொண்டாந்து உடு."

அடுத்த வாரம் தனபாக்கியம் மோரோடு வந்தாள். "வேண்டாம் அம்மிணி, இப்பத்தான் குடிச்சேன்." தண்ணீர்? "தாகமில்லைங்க." காப்பி? "பழக்கமில்லைங்க." அதற்கடுத்த வாரமும் அப்படியே. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் தண்ணீரை நிறுத்திவிடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்?

தனபாக்கியத்துக்கு வேறொன்று தெரியும். அவள் அம்மாவுக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றிய வாசல்கள் ஊரில் இருந்தன. அந்த வாசல்களில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கடல் தாண்டி வந்தும், தன் சொந்தக் கடையிலேயே, தன் கையால் ஒருத்தி வாங்கிக் குடிக்க மாட்டேன் என்கிறாள். காலனி என்று சொன்ன நாளிலிருந்து!

"நம்ம கைத் தண்ணி அவீங்களுக்கு ஆகாதாட்ட இருக்குது" என்றாள் புருஷனிடம், கேட்கும்படியாகவே.

"உடு, உனக்கென்ன? வர்றாங்க, உக்கார்றாங்க, போறாங்க" என்றான் வேலுமணி. அவன் பாத்ரூம் பேச்சையே மறந்துவிட்டிருந்தான். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இல்லை என்று சொல்கிறவன்!

ஆகஸ்டில் வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை, தனபாக்கியம் குளிர்பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தாள்.

"இது கம்பெனில அடைச்சதுங்க. எங்க கை உள்ள படலீங்க. தாராளமாக் குடிக்கலாம்."

வசந்தாமணிக்கு அந்தப் பேச்சின் முள் புரியவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. போகும்போது மூடி திறக்காத பாட்டிலைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனாள். தனபாக்கியம் அதை எடுத்துக் குப்பையில் வீசினாள். அதன் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வசந்தாமணி மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, தானாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் அவளுக்குக் குளிர் நடுக்கியது. பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். ஓடிவந்து தூக்கிய தனபாக்கியத்துக்குக் கை சுட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. கடையை வேலுமணியிடம் விட்டுவிட்டுக் கூடவே ஏறிப் போனாள். என்ன கோபம் இருந்தால் என்ன, தனியாக அனுப்ப முடியுமா?

கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஆபீஸிலிருந்து ஓடிவந்திருந்த திருமூர்த்தி அதைத் தமிழில் கேட்டபோது வசந்தாமணி சுவரைப் பார்த்தாள். அவன் இன்ஷூரன்ஸ் பேச வெளியே போனான். அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கவில்லை.

"ஏனுங்கக்கா," என்றாள் தனபாக்கியம், "சாகக் கெடந்தாலும் எங்க கையால குடிக்கக் கூடாதுன்னு இருந்தீங்களா?"

"ஐயோ, என்ன பேச்சுப் பேசற அம்மிணி! மொத நாளு உன் மோரைச் சொட்டு உடாமக் குடிச்சனே, நீ பாக்கலயா?"

"அப்பறம் ஏனுங்க?"

மெதுவாகச் சொன்னாள். கேஸ் ஸ்டேஷன், குப்பைப் பெட்டி, ஹாரன், எல்லாம் சொன்னாள். முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

"மகங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கூட்டியார மாட்டானே. வாரம் பூராச் செவுத்தப் பாத்துட்டுக் கெடக்கறேன். சனிக்கெழமை ஒண்ணுதான். அதையும் உட்டுப்போட்டா?"

"என்கிட்டச் சொன்னா என்னங்க?"

"உன் வூட்டுக்காரரு சட்டம்னாரு. என்னால உங்க பொழப்பு கெடலாமா?"

தனபாக்கியம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கேட்டாள். "சட்டம்னு சொன்னீங்க, சரி. உள்ள இருந்த என்னை ஒரு சத்தம் கூப்புட்டிருந்தா, ரெண்டு தெரு தள்ளி இருக்கற நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டனா? அது எந்தச் சட்டத்துல தப்பு?"

வேலுமணி சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவனைத் தின்றது.

காய்ச்சல் இறங்கியதும் திருமூர்த்தி அம்மாவை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டான். இங்கே வைத்து வைத்தியம் பார்க்க வழியில்லை. கிளம்புகிற அன்று கடை வாசலில் காரை நிறுத்தினான். தனபாக்கியம் மோரோடு ஓடினாள். வசந்தாமணி ஒரு வாய் குடித்துவிட்டு, "வழில எறங்க முடியாதே அம்மிணி" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பென்றால் என்ன சிரிப்பு!

அந்த வாரமே வேலுமணி ஊராட்சிக்குப் போய் பெர்மிட் கேட்டான். முன்பக்கம் அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்தான். சமையலறையைத் தொடாமல் கடைக்குள்ளிருந்தே போகிற மாதிரி ஒரு கதவு வைத்தான். பிளம்பர் வந்து, இன்ஸ்பெக்டர் வந்து, ஒப்புதல் வருவதற்குள் ரெண்டாயிரமும் பிறந்துவிட்டது. கம்ப்யூட்டர் எதுவும் குழம்பவில்லை. கதவில், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று, படம் ஒட்டச் சொன்னாள் தனபாக்கியம். "அடுத்த தடவ அக்கா வந்தா யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க" என்றாள்.

பிப்ரவரியில் வெளியே பனி கொட்டிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, திருமூர்த்தி உள்ளே வந்தான். கம்பளிக் குல்லாவைக் கழற்றினான். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்த தலை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவன் அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். தனபாக்கியம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். முழுவதையும் குடித்தான்.

"கிட்னி ரெண்டும் போயிருச்சு ஆன்ட்டி" என்றான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, "ரெஸ்ட்ரூம் இருக்கா?" என்று கேட்டான்.

அவள் கதவைக் காட்டினாள். உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. பார்சலுக்கு நின்ற ஒருவர் கதவைத் தட்டப் போனார். வேலுமணி கல்லாவை விட்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இருங்க சார். ஆள் இருக்குது. மெதுவா வரட்டும்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீடுகள் நன்றாக இருக்கட்டும். உங்கள் பானையில் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும். வந்தவர் அதைப் பயமில்லாமல் குடிக்கட்டும், குடித்தவர் கூசாமல் திறக்க ஒரு கதவும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.