மேலும் கவனிக்கத்தக்கது

நாற்காலி முதலில் கணினித் திரையில் இறங்கியது. அடுத்த வீச்சு ஸ்கேன் டாக்டரின் தோளில். மேசைக்கடியில் சுருண்டவரின் உள்ளங்கையில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் கொட்டியது. அடித்தவன் லாரி ஓட்டுபவன். போன வருஷம் மனைவியை மார்புப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவன். அவளுடைய பழைய மேமோகிராம் ரிப்போர்ட்டை அவர் முகத்தில் எறிந்து படிக்கச் சொன்னான்.

படித்தார். அவர் கைப்பட எழுதியதுதான். இடது மார்பில் நிழல் போன்ற அடர்த்தி, மேலும் கவனிக்கத்தக்கது.

"இதப் படிச்சிட்டு நான் என்ன செஞ்சிருக்கணும்? சொல்லு."

டாக்டர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். சத்தியமாக அவருக்கே தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து வா என்றா, அன்றைக்கே பயாப்ஸிக்குச் சதை எடு என்றா? யாரையும் பயமுறுத்தாமல் வழவழவென்று எழுதியே நல்ல பேர் வாங்கிய மனிதர். எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரே சொற்கள் வேண்டும், முடிவில் சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் ஒரு எண்ணும், அடுத்து செய்ய வேண்டியதும் இருக்க வேண்டும் என்று உடன் வேலை பார்க்கும் பெண் டாக்டர் கேட்டபோது, பள்ளிக்கூடத்து மார்க்கா போடச் சொல்கிறாய் என்று சிரித்தவர்.

காவலாளிகள் பாய்ந்து வந்து லாரிக்காரனின் முழங்காலில் தடியை இறக்கினார்கள். விழுந்தவனை விலாவில் உதைத்தார்கள். போதும் விடுங்கள் என்று டாக்டர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

வாசலில் அவனுடைய கொழுந்தியாள் நின்றிருந்தாள். அக்காவுக்கு வந்தது தங்கைக்கும் வந்துவிடக் கூடாதே என்று அவன்தான் அவளை ஸ்கேனுக்கு இழுத்து வந்திருந்தான். காலையில் கைக்கு வந்த அவளுடைய ரிப்போர்ட்டிலும் அதே வரி. அதற்குப் பிறகுதான் நாற்காலி பறந்தது.

"டாக்டர், எனக்கு என்ன?"

காலையில் பார்த்த அவளுடைய ஸ்கேன் படம் டாக்டரின் கண்ணை விட்டுப் போகவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தார்.

"புற்றுநோயா இருக்குமோன்னு பலமா சந்தேகப்படறேன். நாளைக்கே பயாப்ஸி எடுக்கணும். ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீங்க."

அவள் அழவில்லை. "மாமாவ விடுங்க" என்றபடி சில்லுகளை மிதித்துக்கொண்டு போய், காவலாளிக்கும் கீழே கிடந்தவனுக்கும் நடுவில் மார்பை நிமிர்த்தி நின்றாள். ஓங்கிய தடியை எங்கே இறக்குவது என்று தெரியாமல் காவலாளி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.