சீமைக் கிடாயின் சம்மதம்

ஓலப்பாறை வளவு மக்களுக்கு நன்மை செய்வது என்று கம்பெனி தீர்மானித்தது 1938-ஆம் வருஷம். சென்னையில் கம்பளி நெய்யும் ஆலை அது. வருஷா வருஷம் அச்சிடும் அறிக்கையில் லாபமும் புது இயந்திரமும் போக ‘கிராம நலம்’ என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று டைரக்டர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஒரு பக்கத்துக்காக, மேச்சேரிக்கு மேற்கே ஐந்து மைலில் நாற்பது வீடுகள் கொண்ட அந்த வளவைப் பிடித்தார்கள்.

நான் அங்கே கம்பெனியின் பீல்டுமேன். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்தவன். வேலையில் சேர்ந்த அன்று வெல்பேர் ஆபீசர் வேதகிரி என்னிடம் ஒரு படப் புத்தகம் கொடுத்தார். பச்சை மலைச்சரிவு, மேகம் இறங்கி வந்தது போல வெள்ளை ஆட்டு மந்தை, ஜன்னலோரம் உட்கார்ந்து நூல் நூற்கும் பெண்கள். அந்தப் படங்களை எல்லாம் வேலமரமும் சுக்கான்கல்லும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த மேட்டில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். நன்றாகப் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றியது. இன்று அதை நினைத்தால் வாயில் கசப்பு ஊறுகிறது.

மேச்சேரிச் செம்மறி ஆட்டுக்கு மயிர் குட்டை, கம்பளிக்கு ஆகாது. அதன் மதிப்பெல்லாம் தோலில்தான். தோல் வியாபாரிகள் சந்தையில் அதன் விலாவைத் தடவிப் பார்த்தே விலை பேசுவார்கள். கம்பெனி என்ன சொன்னது என்றால், கடல் கடந்து வந்த ஒரு சீமைக் கிடாயை வளவுக்கு இலவசமாகத் தருகிறோம், அது ரோமக் குட்டிகளைக் கொடுக்கும், ரோமத்தை நாங்களே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது. கூடவே கோடையில் வற்றிப்போகும் ஊர்க் கிணற்றை ஆழப்படுத்தித் தருவதாகவும் சொன்னது. நிபந்தனை ஒன்றுதான். வளவில் இருக்கும் நாட்டுக் கிடாய் அத்தனைக்கும் காயடித்துவிட வேண்டும். ஒன்று பாக்கி இருந்தாலும் கிணறு கிடையாது.

கிணற்றுக்காக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வள்ளியாத்தாள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் இல்லாதவள். காடு இரண்டு ஏக்கர், அதுவும் மானாவாரி. அவளைக் காப்பாற்றியது இருபது ஆடுகளும் ஒரு கிடாயும். செம்மண் நிறத்தில், திமிறி நிற்கும் கிடாய். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தங்கள் ஆடுகளை அதனிடம் ஓட்டிவந்து, குட்டி பிறந்ததும் அவளுக்குக் கம்புத் தானியம் அளந்துவிட்டுப் போவார்கள். அந்தக் கம்பில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

ஊர்ப் பெரியவர் சென்னியப்பன் அவள் வாசலில் நின்று கேட்டார். நானும் நோட்டுப் புத்தகத்துடன் பக்கத்தில் நின்றேன்.

“ஏனாத்தா, உன்ற ஒரு கிடாயால ஊரே தண்ணியில்லாமச் சாகோணுமா?”

“நானா தண்ணிய ஒளிச்சு வெச்சிருக்கறேன், மாமா? கிணறு வெட்டறவிய வெட்டட்டும். அதுக்கு எங்கிடாயோட கொட்டைய ஏன் கேக்கறாங்க?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

“சரி, என்னதாஞ் சொல்றே?”

அவள் கிடாயின் கழுத்தைச் சொறிந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: “முனியப்பங் கிட்டக் கேளுங்க. அந்தச் சீமைக் கிடாய் மேல தண்ணி ஊத்துங்க. துலுக்குச்சுன்னா சாமிக்குச் சம்மதம்னு எங்கிடாய நானே புடிச்சுக் குடுக்கறேன்.”

அந்தப் பக்கத்தில் முனியப்பனுக்குக் கிடாய் வெட்டுமுன் அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குத் துலுக்குதல் என்று பெயர். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. துலுக்காவிட்டால் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். பொழுது சாய்கிற வரையில் காத்திருந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. சாமி சொன்ன பிறகு பேச்சு இல்லை.

சாயங்காலம், வேதகிரி தங்கியிருந்த பங்களாவில் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

“நாலு விரல்கடை ரோமம், குமாரசாமி. குடம் குடமாக ஊற்றினாலும் தோலில் ஒரு சொட்டுப் படாது. அது எப்படித் துலுக்கும்?”

அவர் கேட்டதோடு விட்டுவிட்டார். வழி சொன்னவன் நான்தான்.

“முதுகுத்தண்டு நெடுக ஒரு விரல் அகலம் கத்தரித்து விடலாம் சார். இரண்டு பக்க ரோமமும் மேலே வந்து மூடிக்கொள்ளும். பார்த்தால் தெரியாது. தண்ணீர் நேரே தோலுக்குப் போய்விடும்.”

வேதகிரி பிஸ்கட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “நீ கெட்டிக்காரன்” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் பாவு நூலின் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி என் பெட்டியில் இருந்தது. மறுநாள் விடியுமுன், பங்களாவில் கட்டியிருந்த சீமைக் கிடாயின் முதுகில் அதைக் கொண்டு வகிடு எடுத்தேன். நன்றாகத்தான் எடுத்தேன். சின்ன வயதிலிருந்து நூலோடு பழகிய கை.

கார்த்திகை மாதக் குளிர். முனியப்பன் மண் உருவத்துக்கு முன்னால் வளவு முழுவதும் கூடியிருந்தது. பூசாரி பச்சமுத்து ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். சீமைக் கிடாய் கழுத்திலிருந்து வால் வரை குலுங்கி உதறியது. தெறித்த தண்ணீர் முன்வரிசைக்காரர்களின் முகத்தில் அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வள்ளியாத்தாள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சொன்ன சொல் தவறாமல், கிடாயைக் காதைப் பிடித்து அவளே இழுத்து வந்தாள்.

காயடிக்கக் கம்பெனி கொண்டுவந்த இடுக்கி பளபளப்பானது. ரத்தம் வராது, காயம் இராது என்று வேதகிரி விளக்கினார். முறுக்கைக் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. கிடாய் கத்தவில்லை, நாக்கை மட்டும் வெளியே நீட்டி அப்படியே நின்றது. வேதகிரி கைக்குட்டையில் வாசனைத் தைலம் தெளித்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆறு பேர் கடப்பாரையோடு கிணற்றில் இறங்கினார்கள். ஓர் ஆள் உயரம் தோண்டியதும் பாறை வந்தது. பாறை மேல் அவர்களை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். பிறகு ஏறிப் போய்விட்டார்கள். ‘கிணறு ஆழப்படுத்தப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதினோம். பொய் இல்லை, ஓர் ஆள் உயரம் ஆழம்தான். தண்ணீர் வந்ததா என்று அந்தத் தாளில் கேட்கவில்லை.

பங்குனியில் வள்ளியாத்தாளின் ஆடு ஒன்று கிடாய்க் குட்டி போட்டது. அவளுடைய கிடாய்க்குப் பிறந்த கடைசிக் குட்டி. அதே செம்மண் நிறம். சித்திரையிலிருந்து மற்ற ஆடுகள் எல்லாம் ரோமக் குட்டிகளாகப் போட்டன. முதலில் வளவே வேடிக்கை பார்த்தது.

“கம்பளி போத்திக்கிட்டே பொறந்திருக்குதுங்க. பொறந்த ஊரு எதுன்னு தெரியாது போல” என்றார் பச்சமுத்து.

வெயில் ஏறியதும் வேடிக்கை நின்றது. குட்டிகள் வேலமர நிழலில் வாயைத் திறந்துகொண்டு இரைத்தன. முள்ளும் ஒட்டுப்புல்லும் ரோமத்தில் சிக்கிக் கட்டி கட்டியாகத் தொங்கின. கம்பெனி ஆள் ஒருமுறை வந்து ஒரு கொத்து ரோமத்தைக் கிள்ளிப் பார்த்து, ஆலைக்கு ஆகாது, கரடு என்று கீழே போட்டுவிட்டுப் போனான். சந்தையில் தோல் வியாபாரி ஒருவர் ஒரு குட்டியின் விலாவில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார். வள்ளியாத்தாளிடம் கம்பு அளக்க யாரும் வரவில்லை. அந்தச் செம்மண் குட்டியைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வளர்ந்தால் மறுபடி அடுப்பு எரியும்.

புரட்டாசியில் மழை பிடித்தது. நனைந்த ரோமம் காயவே இல்லை. ஈ முட்டையிட்டது, வாலடியிலும் தொடையிலும் புழு வைத்தது. பிரித்துப் பார்த்தால் வெந்த அரிசியைக் கொட்டினது போல வெள்ளையாக நெளியும். நாற்றம் வளவுக்கு அரை மைல் முன்னாலேயே வந்து மூக்கில் ஏறும். பதினெட்டுக் குட்டிகள் செத்தன.

கார்த்திகையில் டைரக்டர் துரை வருகிறார் என்று வேதகிரி சொன்னார். “இருக்கிற குட்டிகளைக் கழுவி, புழுவை எடுத்து, பினாயில் போட்டு வரிசையாக நிறுத்து. கொஞ்சம் சந்தனமும் தெளி. வந்தவர்களுக்குக் கம்பளி வழங்குவோம். அப்புறம், அந்தப் பெண்பிள்ளையிடம் ஒரு நாட்டுக் குட்டி இருக்கிறதே?”

“கடைசிக் குட்டி சார். விட்டுவிடச் சொல்லிக் கேட்கிறாள்.”

“நல்லதாகப் போயிற்று. இடுக்கி வேலை செய்வதைத் துரைக்கு அதில் காட்டிவிடலாம்.”

‘கூடாது சார்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். “சரி சார்” என்று வந்தது.

துரை வருவதற்கு முந்தின நாள் முழுவதும் வள்ளியாத்தாளும் நானும் பட்டியில் உட்கார்ந்து புழு எடுத்தோம். புண்ணைச் சுற்றி ரோமத்தை நான் கத்தரிப்பேன். அவள் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாம்பலில் போடுவாள். பிறகு குளிப்பாட்ட ஆரம்பித்தாள். நாலைந்து குட்டிகளுக்குப் பிறகு சீமைக் கிடாயின் முறை. குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் ரோமத்தின் மேலே ஓடி இரண்டு பக்கமும் வழிந்தது. கிடாய் அசை போட்டுக்கொண்டு நின்றது. இன்னொரு குடம் ஊற்றினாள். அப்போதும் அது அசையவில்லை.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முதுகு ரோமத்தை இரண்டு கையாலும் பிளந்து பார்த்தாள். உள்ளே தோல் உலர்ந்திருந்தது.

“ஏனுங்க தம்பி, அன்னிக்கு ஒரு சொம்புதானே ஊத்துனாங்க?”

நான் கத்தரியில் ஒட்டியிருந்த ரோமத்தைத் துடைத்தேன்.

“அன்னிக்கு எப்படித் துலுக்குச்சு?”

அவள் கண் என் கையில் இருந்த கத்தரிக்கு வந்தது. அதிலேயே நின்றது. சின்னக் கத்தரி, தறிக்காரன் கத்தரி. நான் அதை மடியில் செருகிக்கொள்ளப் பார்த்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“இது ஊருக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க.”

“சொல்லிப்போடுங்க, சாமி. எங்குட்டி பொழைச்சுக்கும். நாஞ் சொன்னா ஆட்டுக்காகப் பொய் சொல்றான்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

“நாளைக்குப் பார்க்கலாமுங்க” என்றேன்.

“பாக்கலாம்னா?”

“வேலை போய்விடுமுங்க.”

அவள் குனிந்து அடுத்த குட்டியின் வாலைத் தூக்கினாள். 

காலையில் துரை வந்தார். பந்தலில் மேஜை, மேஜை மேல் மடித்த கம்பளிகள், அவற்றின் பக்கத்தில் வெல்வெட் துணியில் இடுக்கி. சந்தனத்தையும் பினாயிலையும் மீறி நாற்றம் வந்துகொண்டிருந்தது. துரை சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டார். வேதகிரி இங்கிலீஷில் பேசினார், துரை தலையசைத்தார். பிறகு செம்மண் குட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். சென்னியப்பன் அதைப் பிடித்து வந்தார். கயிற்றின் மறுமுனையை வள்ளியாத்தாள் விடவில்லை.

“சாமி சம்மதிச்ச காரியம், ஆத்தா. கயித்த உடு” என்றார் சென்னியப்பன்.

“உடறேன் மாமா. இன்னொருக்கா சாமியக் கேட்டுப்போட்டு உடறேன்.”

துரையை வரவேற்க வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை அவள் எடுத்தாள். எல்லோரும் சீமைக் கிடாயைப் பார்த்தார்கள். அவள் என் பக்கம் வந்து நின்றாள்.

“போன வருசம் அந்தக் கிடாய் முதுகுல கத்தரி போட்டு ரோமத்த வெட்டி உட்டது இந்தத் தம்பிதான். நாஞ் சொல்றது பொய்யின்னா இவரு துலுக்காம நிக்கட்டும்.”

சொம்பு முழுவதும் என் பிடரியில் கவிழ்ந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டேன். நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முப்பது ரூபாய்ச் சம்பளம், ராசிபுரத்தில் அம்மா, வேதகிரியின் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. தண்ணீர் முதுகுத்தண்டு வழியே நேராக இறங்கியது. கழுத்திலிருந்து கால் வரை என் உடம்பு குலுங்கி உதறியது.

 பச்சமுத்து சீமைக் கிடாயிடம் போய், முதுகு ரோமத்தைப் பிளந்து, தண்ணீர் தோலுக்கு எட்டுமா என்று பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

“துலுக்கிட்டாருங்க” என்றார்.

சென்னியப்பன் மேஜையிலிருந்து இடுக்கியை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் செத்த குட்டிகளைப் போட்டிருந்த குழியில் எறிந்தார்.

“குட்டிய ஓட்டிக்கிட்டுப் போ, ஆத்தா.”

அவர் என் பக்கத்தில் காறித் துப்பினார். என் மேல் படவில்லை.

துரை என்ன நடக்கிறது என்று கேட்டார். கிராமத்து மரியாதை, நன்றி சொல்லும் சடங்கு என்று வேதகிரி விளக்கினார். துரை மகிழ்ந்து போய்க் கை தட்டினார். படக்காரன் படம் எடுத்தான். அதன் பிறகு கம்பளி வழங்கினார்கள். வளவு முழுவதும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது, குளிர்காலம்.

எனக்கு வேலை போகவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. தை மாதம் அச்சிட்ட அறிக்கை வந்தது. ‘கிராம நலம்’ பக்கத்தில் தலை நனைந்து, வாய் கோணி, தோள் தூக்கி நான் நிற்கிறேன். கீழே ‘நன்றி மிக்க கிராம மக்கள்’ என்று போட்டிருந்தது. படத்தின் ஓரத்தில் வெளியே போய்க்கொண்டிருக்கும் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னங்கால் இரண்டு மட்டும் தெரிந்தன. அவை அச்சில் தெளிவாக விழுந்திருந்தன.