எம்.டி.க்குப் போட மட்டும் அனுமதி

புகார்ப் பெட்டியை சர்வரில் தொடங்கிவைத்த அன்று எம்.டி. ரிப்பன் வெட்டினார். சர்வருக்கு எங்கே ரிப்பன் கட்டுவது என்று தெரியாமல் மவுஸ் வயரில் கட்டியிருந்தார்கள். "அச்சமின்றி எழுதுங்கள்! ஒளிவுமறைவு என் ரத்தத்திலேயே கிடையாது!" என்று முழங்கினார்.

அந்த வாரமே யாரோ அச்சமின்றி எழுதிவிட்டார்கள். வேலை நேரத்தில் பேக்கிங் பெண்கள் போகாதபடி கழிப்பறையைப் பூட்டச் சொன்னது எம்.டி.தான் என்று. புகார்க் கமிட்டி, எழுதியவர் பெயரைச் சொல்லாமல், எம்.டி.யிடமே விளக்கம் கேட்டது.

ரத்தம் கொதிக்க சர்வர் ரூமுக்கு வந்தார். அங்கே ஸ்டோர்ஸ் அக்கா இருந்தாள். சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போனபின், "சாவிக்கொத்து வச்சிருக்கிறவதானே" என்று அந்தக் கறுப்புத் திரையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். எதையும் எழுத்தாகத் தட்டித்தான் சொல்ல வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று முதலில் ஒரு ஃபோல்டரின் அனுமதிகளை எல்லாம் பிடுங்கினாள். அவளே உள்ளே போக முடியவில்லை. "வீட்டைப் பூட்டிட்டு சாவிய உள்ள போட்டவடி நீ" என்று வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். விடுவாளா? முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள்: பார்ப்பது ஒரு அனுமதி, போடுவது வேறு, உள்ளே நுழைவது இன்னொன்று. புகார் ஃபோல்டரில் மூன்றும் சேர்ந்து இருப்பது கமிட்டிக்கு மட்டும்தான்.

"அதைத் திற. எழுதினது யாருன்னு தெரிஞ்சா நாளைக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்."

"அதுக்காகத்தான் சார் திறக்க முடியாது."

"இது என் கம்பெனி!"

"கம்பெனி உங்களுது சார். ஃபோல்டர் கமிட்டியோடது. அதுல நீங்க மத்தவங்க கணக்கு."

"மத்தவங்களா? நானா? உன் சீட்டையும் கிழிக்கட்டுமா?"

"கிழிங்க சார். கிழிச்சாலும் திறக்க மாட்டேன். வேணும்னா உங்க பேர்லயே நுழைஞ்சு பாருங்க."

பாஸ்வேர்டைத் தட்டிப் பட்டியல் கேட்டார். அனுமதி இல்லை என்றது திரை. இன்னும் அழுத்தித் தட்டினார். கம்ப்யூட்டருக்கு அதட்டல் புரியவில்லை.

"அப்ப எனக்கு என்னதான் அனுமதி?"

"புகார் போடலாம் சார். போடலாம், பாக்க முடியாது. எல்லாருக்கும் அப்படித்தான்."

"போடறேன்டி. உன்னைப் பத்தியே போடறேன்!"

அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரல் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ரிப்பன் வெட்டியவர் எழுதிய முதல் புகார். போட்டு முடித்துக் கதவுவரை போனவர் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"நீதானே இதுக்கெல்லாம் தலைமைச் சாவி வச்சிருக்க... நான் எழுதினத நீ படிக்க மாட்டியே?"

"மாட்டேன் சார். கழிப்பறையைப் பத்தி எழுதினவங்களுக்குப் போட்ட அதே பூட்டுதான் உங்களுக்கும்."

எம்.டி. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

"நல்லாப் பூட்டியிருக்கேல்ல?" என்றார்.