பரவாயில்லை என்ற பதில்

பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடிதான். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள். உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று புரியாது, குரல் மட்டும் கேட்கும். அம்மாவுக்கு அது போதும். வியாழக்கிழமை தோறும் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் விடுப்பு வாங்கி, இரண்டு பஸ் மாறி அவள் இந்த மருத்துவமனைக்கு வருவது அந்த முக்கால் மணி நேரக் குரலுக்காகத்தான்.

வீட்டில் மகள் சரியாகப் பேசி ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் அடேயப்பா, என்ன வாய்! துணி கம்பெனியில் அவள் தையல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தால், அத்தனை மெஷின் சத்தத்தையும் தாண்டி அம்மா நிற்கிற இஸ்திரி மேசை வரைக்கும் அந்தச் சிரிப்பு வந்து சேரும். "உன் பொண்ணு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். யார் கண் பட்டதோ! மெஷின் ஓடும்போது யாரோ தன்னைக் கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது என்றாள் ஒரு நாள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்றாள் இன்னொரு நாள். பிறகு வேலைக்கே போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மனநலப் பிரிவுக்கு வந்த முதல் நாள் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"இன்னும் நோய்னு ஆகலம்மா. நோயா மாறலாம், மாறாமலும் போகலாம். யாருக்கு முத்தும், யாருக்குத் தானா அடங்கும்னு முன்கூட்டியே கணிக்கிறதுதான் இந்தப் பிரிவோட வேலை."

"மழை வருமா வராதான்னு சொல்ற மாதிரியாங்க?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

"சொல்றதெல்லாம் சரி. வந்தா எம் பொண்ணு நனையாம இருக்கணுமேங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தார். அந்த ஆலோசகரைத்தான் மகள் 'அக்கா' என்பாள். அக்காவின் அறையில் இரண்டு நாற்காலி எதிரெதிரே, நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர். மூன்றாவது வாரம் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில், "அக்கா கம்மல் அழகா இருந்துச்சும்மா" என்றாள். ஏழு மாதத்தில் அவளாக வாயைத் திறந்து சொன்ன ஒரே வாக்கியம் அது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று மூன்று மாதம் முடிந்ததால் மறுகணிப்பு இருந்தது. அக்காவிடம் பேசி முடித்து மகள் வெளியே வந்ததும், கையில் டேப்லெட்டுடன் ஓர் இளைஞன் இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனான். நல்ல பையன்தான். ஆனால் வெளியே இன்னும் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரோ கூப்பிடுற மாதிரி கேக்குதுன்னு சொன்னீங்களே, அது இப்போ எப்படி இருக்கு?"

"பரவாயில்ல" என்றாள் மகள்.

"தூக்கம்?"

"பரவாயில்ல."

"வீட்ல எப்படிம்மா இருக்காங்க?"

"பரவாயில்லைங்க" என்றாள் அம்மா.

கம்பெனியில் ஊசி விரலில் இறங்கினாலும், இஸ்திரிப்பெட்டி முழங்கையைச் சுட்டாலும், "எப்படி இருக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டால் "பரவாயில்ல சார்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வலிக்கிறது என்று சொன்னவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன் என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை.

இளைஞன் ஒவ்வொரு கேள்வியிலும் 'முன்னேற்றம்' என்ற கட்டத்தைத் தொட்டான். கடைசியில் திரை பச்சையாக மாறியது.

"நல்ல செய்திம்மா! இனிமே முத்துறதுக்கு வாய்ப்பு கம்மின்னு காட்டுது. அடுத்த வாரத்துலேர்ந்து வர வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்."

"அக்கா?" என்றாள் மகள்.

"அவங்க நேரத்த மஞ்சள், சிவப்பு வந்தவங்களுக்குக் குடுக்கணும் இல்லையா?"

அம்மா டேப்லெட் பக்கம் குனிந்தாள். "தம்பி, பரவாயில்லைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்லைப்பா. தாங்கிக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம்."

"நீங்க சொன்னதத்தானேம்மா போட்டேன்? பதிஞ்சாச்சு, இனி என்னால மாத்த முடியாது. ரொம்ப மோசமானா அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க."

டாக்டரம்மாவைப் பார்க்கலாம் என்று போனால், மாநாட்டுக்குப் போயிருக்கிறார், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். பச்சைப் புள்ளி வைத்த சீட்டைக் கையில் கொடுத்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அம்மாவுக்கு முழுநாள் வேலை. பச்சை என்று தெரிந்ததும், "இனி என்ன லீவு வேண்டிக்கிடக்கு?" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். காலையில் மகள் தலைவாரிச் செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "இன்னிக்கு இல்லடி கண்ணு" என்று சொல்லி அம்மா குனிந்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். பகல் முழுக்கச் சட்டைகளின் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது உள்ளே குரல் கேட்டது. மகளுடைய குரல்! அந்தப் பழைய வாயாடிக் குரல், நடுநடுவே சிரிப்புகூட! அம்மாவுக்குக் காலில் இறக்கை முளைத்துவிட்டது. யாரோ வந்திருக்கிறார்கள், அக்காவேதான் வந்துவிட்டாளோ என்று ஓடிப்போய் ஜன்னல் வழியே பார்த்தாள்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எதிரெதிரே கிடந்தன. நடுவில் முக்காலி, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. மகள் அதைப் பார்த்துக் கையாட்டிப் பேசினாள். நிறுத்திக் காது கொடுத்தாள். பிறகு தலையாட்டிச் சிரித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி கொடியில் துணி எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "யாரு வந்திருக்கா? பொண்ணு நல்லா பேசுதே! இப்ப எப்படி இருக்கா?"

அந்த வார்த்தை அம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நல்லா இல்லக்கா" என்றாள். "எம் பொண்ணு நல்லாவே இல்ல."

அம்மா கதவைத் திறக்கவில்லை. படியில் உட்கார்ந்து, பச்சைப் புள்ளிச் சீட்டு இருந்த கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் காதைச் சாய்த்தாள்.