மடியில் கட்டிய ரத்தம்

டொக்டர் சேந்தன் ரத்த ரிசல்ட் தாளை இரண்டாம் தடவை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் நல்லதில்லை என்று நர்ஸான எனக்கு மட்டுமில்லை, எங்கள் வார்டில் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் தெரியும்.

"ஒக்சிஜன் நல்லா இறங்கிட்டுது மிஸ். இங்க தீவிர சிகிச்சைப் பிரிவில கட்டில் காலியில்லை, தொண்டைக்குள்ள குழாய் போட்டுக் கண்டிக்கு அனுப்பவேணும். அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கோ" என்றார்.

நான் கட்டிலைப் பார்த்தேன். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை வளர்மதி, நிமோனியாவோடு முந்தின நாள் வந்தவள். வரும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் பாடுபட்டாள். இப்போது மாஸ்க்கை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "மிஸ், பிளேன்டீ கெடைக்குமா?" என்று கேட்கிறாள். சாகக் கிடக்கிற பிள்ளை தேத்தண்ணி கேட்குமா? பதுளையிலிருந்து கண்டி வரைக்கும் அத்தனை வளைவிலும் தொண்டையில் குழாயோடு அந்தச் சின்ன உடம்பு ஆடிக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "டொக்டர், தாளுக்கும் பிள்ளைக்கும் ஒத்து வரல்லயே" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் அதுதான் யோசனை. ஆனா இதை நம்பாமல் விட்டு, இரவைக்கு ஏதும் நடந்திட்டா?"

மணிக்கட்டு நாடியில் எடுக்கிற ரத்தம் அது. சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றி, மூடி போட்டு, ஐஸ் பையில் வைத்து, உடனே மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். சிரிஞ்சுக்குள் வந்த பிறகும் ரத்தத்துக்கு உயிர் இருக்கிறது. சூட்டில் கிடந்தால் தன்னிடமுள்ள ஒக்சிஜனைத் தானே தின்றுவிடும். கிருமி பிடித்தவர்களின் ரத்தம் இன்னும் அவசரமாகத் தின்னும். குமிழி தட்டியதும் ஐஸில் வைத்ததும் நான்தான். என் கையில் பிழை நடக்காது, அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. மெஷின் இருந்தது முற்றத்துக்கு அந்தப் பக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில். வழக்கமாகக் கொண்டுபோகிற சிற்றூழியர் நல்லையா ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேக்குப் போயிருந்தார். அதனால் பிள்ளையின் அப்பா ரெங்கசாமியிடம் பையைக் கொடுத்து, கதவைக் காட்டி அனுப்பியிருந்தேன்.

அவர் வராந்தாவில், பெஞ்சு காலியாக இருந்தும், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ரத்தத்த கொண்டுபோன ஒடனே குடுத்தீங்களா?"

"கதவு சாத்தியிருந்துச்சுங்க மிஸ். கூப்புடுவாங்கன்னு ரொம்ப நேரமா நின்னேன். பொறகு நல்லையாண்ணே அந்தப் பக்கம் வந்தாரு, அவருதான் வாங்கி உள்ள குடுத்தாரு."

எனக்கு விளங்கிவிட்டது. நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். தோட்டத்து ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கிளாக்கரய்யா தலை நிமிர்கிற வரைக்கும் வெளியே நிற்க வேண்டும். கதவைத் தட்டினால் மரியாதை தெரியாதவன். எங்கள் அப்பா நின்றார், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

"ஐஸ்லதானே வச்சிருந்தீங்க?"

அவர் குனிந்துகொண்டார். "பச்சப்புள்ள ரத்தம் மிஸ். தொட்டுப் பாத்தா சில்லுன்னு கெடந்துச்சு. மனசு கேக்கல. எடுத்து மடியில கட்டிக்கிட்டேன். சுவெட்டருக்குள்ள சூடா இருக்கட்டும்னு."

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. இதற்காக ஒரு மனிதனை எப்படி ஏசுவது?

விஷயத்தைச் சொன்னதும் டொக்டர் கையுறையை எடுத்தார். "அப்ப திருப்பி எடுப்பம்." வளர்மதி கையை நீட்டிவிட்டு, "அப்ப ரெண்டு பிளேன்டீ" என்றாள். ஊசி குத்தும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர, அழவில்லை.

அதற்குள் நல்லையா திரும்பி வந்து பைக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "அவரே கொண்டு போகட்டும்" என்றேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "உங்கட பொறுப்பு மிஸ்."

"என் பொறுப்புத்தான்."

ரெங்கசாமியிடம் சொன்னேன்: "அண்ணே, ஐஸ விட்டு வெளிய எடுக்காதீங்க. கதவு சாத்தியிருந்தா தட்டுங்க. தொறக்கலன்னா இன்னும் பலமா தட்டுங்க."

"ஏசுவாங்களே மிஸ்."

"ஏசுனா, தவமணி மிஸ் அனுப்புனாங்கன்னு சொல்லுங்க."

அவர் பையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "வேணாங்க. வளர்மதி அப்பான்னு சொல்றேன்."

ஜன்னலில் நின்று பார்த்தேன். பையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி முற்றத்தைக் கடந்தார். எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். கதவுக்கு முன்னால் போனதும் பழைய பழக்கத்தில் நின்றுவிட்டார். ஒரு கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்தது. தட்டுங்கண்ணே, தட்டுங்க என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காலைத் திரும்பச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, தட்டினார். எங்கள் வார்டு வரைக்கும் கேட்டது. இரண்டு கட்டில்காரர்கள் எழும்பி உட்கார்ந்து என்ன சத்தம் என்று பார்த்தார்கள். எங்கள் அப்பாவே தட்டினதைப் போல எனக்குப் பெருமையாக இருந்தது.

புதுத் தாள் வந்தது. டொக்டர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "அம்புலன்ஸ் வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ" என்றார்.

நான் வராந்தாவுக்கு ஓடினேன். ரெங்கசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐஸில் மரத்துச் சிவந்துபோன இரண்டு கைகளாலும் மகளுக்கு வாங்கிய பிளேன்டீக் கோப்பையைப் பொத்திப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"அடுத்த ரத்தம் எப்ப மிஸ் கொண்டு போவணும்?" என்று கேட்டார்.